மொபைல் வீட்டுக்கு அடியில் குழாய் உறைகிறதா? பலரும் செய்யும் தவறுகள்

மினசோட்டா, மிச்சிகன் போன்ற அமெரிக்க வட மாநிலங்களில் மொபைல் வீட்டில், அதாவது தொழிற்சாலையில் கட்டி இழுத்துவந்து நிறுத்தும் வீட்டில், இருப்பவர்களுக்கு ஜனவரி மாதக் காலைகளில் ஒரு பயம் உண்டு: குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா? அங்கே மற்ற வீடுகளுக்குப் பெரும்பாலும் நிலவறை இருக்கும், குழாய் அதன் கதகதப்பிலேயே வீட்டுக்குள் ஏறிவிடும். மொபைல் வீடு அப்படி இல்லை. இரும்புச் சட்டத்தோடு கான்கிரீட் கட்டைகள்மேல், தரையை விட்டு இரண்டு மூன்று அடி உயரத்தில் நிற்கிறது. மண்ணுக்குள்ளிருந்து வரும் தண்ணீர்க் குழாய் அந்த இடைவெளியைக் கடந்துதான் வீட்டுக்குள் போகிறது. முதலில் உறைவது பெரும்பாலும் அந்தச் சிறு துண்டுதான்.

அதனால்தான் ‘உள்ளே ஹீட்டர் ஓடுகிறதே, போதாதா?’ என்று இருந்துவிடுவது பெரிய தவறு. வீட்டின் சூடு தரைப்பலகைக்குக் கீழே இருக்கும், சூட்டைப் பிடித்துவைக்கும் இன்சுலேஷன் பஞ்சு வரைதான் எட்டும். அந்த இன்சுலேஷனைக் கீழிருந்து ஒரு கறுப்புத் தாள் தாங்கி நிற்கிறது. எலியோ ரக்கூனோ அதைக் கிழித்திருக்கலாம், எப்போதோ ரிப்பேருக்கு வந்தவர் வெட்டிவிட்டு ஒட்டாமலே போயிருக்கலாம். அக்டோபரிலேயே டார்ச் விளக்கோடு அடியில் தவழ்ந்து பார்த்துவிடுங்கள். கிழிசலை அடைக்கும்போது இன்னொரு தவறும் நடக்கிறது: பஞ்சைக் குழாய்க்கும் தரைப்பலகைக்கும் நடுவில் திணித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வீட்டின் சூடு குழாய்க்கு வராமலே போய்விடும். பஞ்சு குழாய்க்குக் கீழே இருக்க வேண்டும்.

வீட்டைச் சுற்றி அடிப்பக்கத்தை மறைக்கும் ஸ்கர்ட்டிங் தட்டியைப் பலர் வெறும் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். காற்றைத் தடுப்பதுதான் அதன் முக்கியமான வேலை. காற்று வீசுவதால் குழாய் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஆனால் அந்த நிலைக்கு மிக வேகமாக வந்துவிடும். உடைந்த தட்டியை மாற்றுங்கள், குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரங்களைக் குளிர்காலத்தில் அடையுங்கள். வசந்தம் வந்ததும் திறந்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடியில் ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும்.

குழாய்க்கு நுரை உறை போட்டாயிற்று, இனி உறையாது என்று நம்புவது அடுத்தது. கம்பளி நம் உடம்பின் சூட்டைத்தான் பிடித்துவைக்கிறது, அதற்கென்று சொந்தச் சூடு கிடையாது. நுரை உறையும் அப்படித்தான். தண்ணீர் ஓடாமல் நிற்கும் குழாயில் அது உறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சூடு கொடுக்க, குழாயில் பொருத்தும் மின்சூட்டு நாடாவான ஹீட் டேப் வேண்டும்.

இந்த ஹீட் டேப் விஷயத்தில்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். இதில் தவறு செய்தால் குழாயோடு போகாது, வீடே தீப்பிடிக்கலாம். சாதாரண ஹீட் டேப்பை அதன்மேலேயே மறுபடி சுற்றக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று படும் இடம் உருகிவிடும். மிஞ்சிய நீளத்தைச் சுருட்டிவைப்பதும், நீளமாக இருக்கிறதே என்று வெட்டுவதும் கூடாது. குழாயை அளந்துவிட்டு அதற்கேற்ற நீளத்தில் வாங்குங்கள். மொபைல் வீட்டுக்கு ஏற்றது என்று அட்டையில் இருக்கிறதா என்றும், அதன்மேல் நுரை உறை போடலாமா என்றும் வாங்கும்போதே படித்துவிடுங்கள். குளிரை உணர்ந்து டேப்பைத் தானாக இயக்கும் தெர்மோஸ்டாட் உள்ள டேப்பில் அந்தத் தெர்மோஸ்டாட் முனை, குழாயின் மிகக் குளிர்ந்த பகுதியில் ஒட்டி இருக்க வேண்டும். அப்புறம், உறை வெடித்துப்போன பழைய டேப்பை இன்னொரு வருஷம் ஓட்டலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குழாய் உறைந்துபோகும் வீடுகள் உண்டு. போய்ப் பார்த்தால் ஹீட் டேப்பின் பிளக் கழன்றிருக்கும், அல்லது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு ஸ்விட்ச் ஈரத்தால் விழுந்திருக்கும். கடும் குளிர் வருவதற்கு முந்தைய நாளே அதைப் பாருங்கள். 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 7 செல்சியஸுக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

அந்த இரவுகளில் குழாயைச் சற்றுத் திறந்துவிடுவது நல்லதுதான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம் ஏறித்தான் பைப் வெடிக்கிறது. திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியேறும். ஆனால் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்தத் தண்ணீர் கழிவுக் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், முக்கியமாக அந்தக் குழாய் நடுவில் தொய்ந்திருந்தால். மெல்லிய ஒழுக்காக விடுங்கள், வெந்நீர்க் குழாயையும் சேர்த்து.

ஊருக்குப் போகும்போது ஹீட்டரை அடியோடு நிறுத்துவது வேண்டாம். 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வைத்துவிட்டு, மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

இவ்வளவும் செய்தும் உறைந்துவிட்டதா? தீப்பந்தம், கரி அடுப்பு, மண்ணெண்ணெய் ஹீட்டர் எதையும் வீட்டுக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். நெருப்பு ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். குழாயைத் திறந்துவைத்து, ஈரமில்லாத இடத்தில் நின்று, ஹேர் டிரையரால் தண்ணீர் திறக்கும் முனையிலிருந்து அடைப்பை நோக்கிச் சூடுபடுத்துங்கள். மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். தண்ணீர் வரத் தொடங்கியதும் மறுபடி அடியில் போய் ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். பனிக்கட்டி இருந்தவரை அடைபட்டிருந்த விரிசல் அப்போதுதான் ஒழுகத் தொடங்கும்.