டோக்கியோ குளிரில் இரண்டு பேர்: கேக் நசுங்காமல், வரி வீணாகாமல் கடை சுற்றுவது எப்படி

ஜனவரிக் கடைசியில் நானும் இவரும் ஆறு நாள் டோக்கியோவில் இருந்தோம். கோயில், மலை எதுவும் திட்டத்தில் இல்லை. கடை ஏறி இறங்குவது, இனிப்புச் சாப்பிடுவது, அவ்வளவுதான். விசா, டிக்கெட், ஓட்டல் பற்றி இங்கே எழுதவில்லை, அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் அடிபட்டுக் கற்றதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: அன்றைய திட்டத்தைப் பின்னிருந்து போடுங்கள்

காலையில் துணிமணி, மதியம் உட்கார்ந்து சாப்பிடும் இனிப்பு, சாயங்காலம் பொட்டலமாக வாங்கும் இனிப்பு, அப்புறம் நேரே அறை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜனவரியில் ஐந்து மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும், வெளியே அலைவதற்குப் பகல்தான் வசதி.

முதல்முறை போகிறவர்களுக்கு கடைப் பகுதிகளில் ஷிபுயாவைவிட கின்ஸாதான் என் சிபாரிசு. நேர் நேரான தெருக்கள், வழி தவறாது. வார இறுதியில் மதியத்துக்கு மேல் அங்கே சூவோ தெருவில் வண்டிகளை விடமாட்டார்கள், நடுரோட்டிலேயே நடக்கலாம். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றுக்குக் கதவு திறக்கும் நேரத்தில் ஒரு தடவையாவது போங்கள். ஊழியர்கள் வரிசையாக நின்று குனிந்து வரவேற்பார்கள். முதல் நாள் இவரும் பதிலுக்கு ஒவ்வொருவருக்காகக் குனிந்துகொண்டே போனார், லிஃப்டை அடையவே நேரமாகிவிட்டது.

பாத்திரப் பைத்தியம் இருந்தால் அசகுசா பக்கத்தில் கப்பாபாஷி. முழுத் தெருவும் சமையல் சாமான்தான். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும்.

படி 2: யார் அட்டை, யார் பாஸ்போர்ட்

எங்களைக் கவிழ்த்த படி இதுதான். இப்போதுள்ள முறைப்படி ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் வெளிநாட்டுப் பயணிக்கு 10 சதவீத விற்பனை வரி கிடையாது. பல பெரிய கடைகளில் முதலில் வரியோடு கட்டிவிட்டு, தனிக் கவுன்டரில் போய்த் திரும்ப வாங்க வேண்டும்.

நான் ஒரு கம்பளிக் கோட் எடுத்தேன். பணம் இவர் கார்டில் போனது. கவுன்டரில் என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அந்தப் பெண் ரசீதைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இரண்டு கையையும் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினார். கார்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். புருஷன் பெண்டாட்டி என்றாலும் கதை அதேதான். சரி, இவருடைய பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாம் என்றால், அது பத்திரமாக ஓட்டல் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. நகலோ போனில் எடுத்த படமோ செல்லாது. அன்றைக்கு அன்றே வர வேண்டும் என்றார்கள். கவுன்டர் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. வரி போனது போனதுதான்.

அதனால் இருவரும் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். காலையிலேயே "இந்தக் கடையில் எல்லாம் என் கார்டு" என்று பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் 3,000, அவர் 3,000 என்று இரண்டு பேர் பெயரில் பிரிந்தால் இருவருக்குமே ஒன்றும் கிடைக்காது.

சாக்லேட், முகத்துக்குப் போடும் கிரீம் போன்றவற்றை வரியில்லாமல் வாங்கினால் பையை ஒட்டிக் கொடுப்பார்கள், ஜப்பானை விட்டுக் கிளம்பும்வரை பிரிக்கக் கூடாது. அன்று இரவே தின்னப்போவதை வரி கட்டியே வாங்குங்கள். உணவுக்கு வரி 8 சதவீதம்தான். அதையே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10.

படி 3: கேக் பெட்டி

டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தளத்தில் இருக்கும் உணவுக்கூடத்துக்கு டெபாச்சிகா என்று பெயர். குளிர்காலம் அங்கே ஸ்ட்ராபெரி காலம். நாங்கள் இரண்டு துண்டு ஷார்ட்கேக் வாங்கினோம். விற்ற பெண் ஏதோ கேட்டார், நானும் தெரிந்த மாதிரி "ஹை, ஹை" (ஆமாம், ஆமாம்) என்றேன். வெளியே ஐந்து டிகிரி குளிர், கேக்குக்கு என்ன ஆகிவிடும் என்று இன்னும் மூன்று கடை ஏறினோம். கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் ஹீட்டர் போட்டுத் தள்ளுகிறார்கள் என்பதை மறந்துவிட்டோம். அறையில் பெட்டியைத் திறந்தால் கிரீம் ஒரு பக்கமாக வழிந்து, ஸ்ட்ராபெரி மூலையில் முட்டிக்கொண்டு கிடந்தது.

அந்தப் பெண் கேட்டது, "வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?" என்று. அதற்கேற்ப ஐஸ் பொட்டலம் வைத்துத் தருவார்கள். "இச்சிஜிகான்" என்றால் ஒரு மணி நேரம். அரை மணியில் போய்விடுவீர்கள் என்றாலும் அதையே சொல்லுங்கள். பெட்டியைத் தட்டையாகப் பிடியுங்கள், தோளில் மாட்டாதீர்கள்.

கேக்கைவிட எனக்குப் பிடித்தது இச்சிகோ தைஃபுகு. பூரணக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வையுங்கள்: மேலே ஒட்டரிசி மாவு, உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம், நடுவில் முழு ஸ்ட்ராபெரி. கடித்தால் மாவு இழுபடும், பூரணம் அடங்கும், அப்புறம் புளிப்புச் சாறு வாயில் தெறிக்கும். அன்றே தின்றுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு விறைத்துவிடும். நடந்துகொண்டே தின்பதை அங்கே விரும்புவதில்லை, குப்பைத்தொட்டியும் லேசில் கிடைக்காது. வாங்கிய கடை வாசலிலேயே முடித்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை 1: எந்த இனிப்பைச் சாப்பிடலாம் என்று சைவக்காரர்கள் சிலர் கேட்டார்கள். முட்டை இருக்கட்டும், விலங்கின் தோல், எலும்பில் எடுக்கும் ஜெலட்டின்தான் ஒளிந்திருக்கும். மூஸ், ஜெல்லி, சில புட்டிங்குகளில் உண்டு. போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள், அல்லது "ஜெராச்சின்?" என்று கேளுங்கள். யோகான் வாங்கினால் கவலை குறைவு. வழக்கமாக அது பயறு, சர்க்கரை, கடற்பாசியில் எடுத்த அகர் மூன்றும்தான். பல நாள் கெடாது, ஊருக்குக் கொண்டுவரவும் அதுவே தோது.

பின்சேர்க்கை 2: 2026 நவம்பர் 1 முதல் வரிமுறை மாறுகிறது. அதன்பின் போகிறவர்கள் கடையில் வரியோடு கட்டி, கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் உறுதி செய்தபிறகு பணம் திரும்பப் பெறுவார்கள். ஒட்டிய பைத் தொல்லை இருக்காது. ஆனால் சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம், அதனால் வாங்கியதைப் பெட்டியின் அடியில் திணித்து, முதல் வேலையாக லக்கேஜில் போட்டுவிடாதீர்கள்.