சைக்கிளில் கல்லணை: போக வடகரை, வர தென்கரை

திருச்சிக்காரர்கள் கல்லணைக்குப் பத்துத் தடவையாவது போயிருப்பார்கள். நானும் போயிருக்கிறேன், பஸ்ஸில், மாமா காரில், கல்யாண வேனில். ஆனால் அந்த அணையை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது புரிந்தது, என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போன அன்றைக்குத்தான். அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறையாவது போய்வருகிறேன். எனக்கு வயது 49. முன்கூடை வைத்த லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது. வழி முழுக்கச் சமதரை என்பதால் அது போதும்.

திருவானைக்காவிலிருந்து கல்லணை ரோட்டில் போக ஏறத்தாழ 15 கிலோமீட்டர். திரும்பும்போது காவிரியின் தென்கரை வழியாக வந்தால் மொத்தம் 35 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். வேகமாக மிதிப்பவர்கள் காலை டிபனுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். நான் சொல்வது காலை 6 மணிக்குக் கிளம்பி விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்புகிற கணக்கு.

முதலில் நாள் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அணையின் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் பிடிக்கும். ஜனவரி 28 வரை பாசனத்துக்கு விடுவார்கள். இந்த இடைவெளியில் எனக்குப் பிடித்தது மார்கழிக் கடைசி. வெயில் உறைக்காது, ஆறும் ஓடும். ஆடியில் போகிறவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: அம்மியை நகர்த்தும் காற்று மேற்கிலிருந்து வரும். போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும், திரும்பும்போது அதே காற்று மார்பில் முட்டும். தெம்பில் பாதியைத் திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்றும் வேண்டாம். கூட்டத்தில் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது.

விளிம்பு வைத்த தொப்பி கட்டாயம். காலையில் கிழக்கே போகிறோம், மாலையில் மேற்கே வருகிறோம். இரண்டு வேளையும் சூரியன் நேர் முகத்தில்தான்.

சைக்கிளை முந்தின நாளே பாருங்கள். ஒரு தடவை முதல் நாள் சாயங்காலம் ஒரு கடையில் பஞ்சர் ஒட்டி வாங்கினேன். டயருக்குள் குத்தி நின்ற கருவேல முள்ளை எடுக்காமலே டியூபைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மறுநாள் உத்தமர்சீலி தாண்டியதும் காற்று இறங்கி, வெயிலில் இரண்டு கிலோமீட்டர் உருட்டினேன். அன்றிலிருந்து டயரின் உட்பக்கத்தை நானே விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் மூட விடுவதில்லை. கையில் சின்னக் காற்றுப் பம்பு, ஒட்டுப் போடும் சாமான், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு. சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்வேன், மதியம் வரை கெடாது.

திருவானைக்காவில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று ஆசை வரும். அங்கே அது பேர்போனதுதான். ஆனால் கடை திறந்து, இடம் கிடைத்து, இலை வருவதற்குள் காலைக் குளிர்ச்சி போய்விடும். ஒரு காபியோடு கிளம்புங்கள்.

பைபாஸைக் கடந்ததும் ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வரிசையாக ஊர்கள். நடுவே வாழைத் தோப்புகள்: பூவன், ஏலரிசி, நேந்திரன். குலை தள்ளிய மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள். ரோடு அகலம் குறைவு. பஸ்ஸோ டிராக்டரோ வந்தால் வீம்பு பிடிக்காமல் ஓரமாக இறங்கி நின்றுவிடுங்கள். தார் முடிகிற இடத்தில் மண் பள்ளமாக இருக்கும், ஓட்டிக்கொண்டே இறங்கினால் சக்கரம் வழுக்கும்.

இந்த வழியில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கம் தீவை நடுவில் விட்டுவிட்டு ஓடுகின்றன. நாம் போவது அந்தத் தீவின் மேல். வலது கைப்பக்கம் காவிரி, இடது கைப்பக்கம் கொள்ளிடம். கிழக்கே போகப் போகத் தீவு ஒடுங்கும். இரண்டு மூன்று இடத்தில் சைக்கிளை நிறுத்தி, முதலில் காவிரிக் கரையில் நில்லுங்கள், அப்புறம் குறுக்குப் பாதை கிடைத்தால் கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பாருங்கள். தோட்டத்துக்குள் போவதானால் அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. காவிரியில் தண்ணீர் கரையோடு ஓடும். கொள்ளிடம், வெள்ளம் இல்லாத நாளில், பரந்த மணல், அதில் ஆங்காங்கே ஓடை. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. கல்லணைக்குக் கிட்டே இரண்டும் நெருங்குகிற இடத்தில் தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் காவிரித் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துக் கொள்ளிடத்தில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் வயல்கள் காய்ந்து கிடக்கும். அதைத் தடுக்கத்தான் கரிகாலன் பெயரால் சொல்லப்படும் அந்தச் சுவர். தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை இல்லை அது, போகிற தண்ணீரைத் திருப்பிவிடும் அணை. காரில் அரை மணியில் போய் இறங்கினால் இந்த ஒடுக்கம் உடம்புக்குத் தெரியாது.

கல்லணையில் வரிசையாக நிற்கும் ஷட்டர்களைப் பார்த்து, இதுதான் கரிகாலன் கட்டியது என்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. ஷட்டர்களும் பாலமும் பின்னால் வந்தவை. பழைய அணை கல்லும் களிமண்ணுமாகக் கட்டியது, 1,080 அடி நீளம், பாம்பு மாதிரி வளைந்து போவது. ஆற்று மணலில் பெரிய பெரிய பாறைகளைப் போட, அவை தாமாகவே புதைந்து அமர, அவற்றின் மேல் மேலும் கல் அடுக்கி எழுப்பினார்கள் என்று சொல்வார்கள். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இதைப் பார்த்துத்தான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதிவைத்தார். 1836-இல் முக்கொம்பு மேலணை வேலையைத் தொடங்கியவர் அவர்.

பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே போங்கள். வடக்கிலிருந்து தெற்காக எண்ணுங்கள்: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புதாறு. காவிரி கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாருக்கு. வெண்ணாறு நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம். கல்லணைக் கால்வாய் என்கிற புதாறு மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்தது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைக்குப் போகிறது. என் அம்மா ஊர் ஒரத்தநாடு பக்கம். என் தாத்தா வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் இந்த மதகில்தான் பிரிகிறது என்று தெரிந்த அன்று அதன் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஊருக்கு எந்த ஆறு போகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், அந்த மதகில் நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

ஷட்டருக்குக் கீழே குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் சுழலும். நீச்சல் தெரிந்தவர்களையே அந்தத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறது. கால் நனைக்க ஆசை என்றால் படித்துறை உள்ள, ஊர்க்காரர்கள் துவைக்கிற இடமாகப் பாருங்கள்.

மதியம் பூங்கா நிழலில் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுக்கலாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுடச்சுட ஆற்று மீன் வறுவல் கிடைக்கும். மூன்றரைக்கு முன் கிளம்ப வேண்டாம்.

திரும்ப தென்கரை. வேங்கூர், பனையக்குறிச்சி, சர்க்கார்பாளையம். காலையில் எதிர்க் கரையிலிருந்து பார்த்த அதே காவிரி இப்போதும் வலது கைப்பக்கம்தான் வரும். சர்க்கார்பாளையம் நெருங்கும்போது வண்டிகள் கூடும், இருட்டுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள். மலைக்கோட்டையைத் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச்சாலையில் இறங்கினால் திருவானைக்கா வந்துவிடும். நெய் ரோஸ்டுக்கு இப்போது போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினை ஈரத் துணியால் துடையுங்கள். ஆற்று மணல் பொடி ஒரு ராத்திரி ஒட்டிக் கிடந்தாலே பல் சக்கரம் கரகரக்கும். காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் பின்னோக்கி நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.