டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லையா? டிரெயின் பம்ப்பை நீங்களே சரிபார்க்கலாம்

ராத்திரி ஓடவிட்ட டிஷ்வாஷரைக் காலையில் திறந்தால், அடியில் கலங்கல் தண்ணீர் தேங்கி நிற்கும். எங்கள் வீட்டில் அப்படி ஆனபோது, பார்க்க வந்தவர் டிரெயின் பம்ப், அதாவது கழிவுநீரை வெளியே தள்ளும் பம்ப் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்றார். மனம் கேட்காமல் நானே திறந்து பார்த்தேன். பம்ப் விசிறியில் நகத்தளவு கண்ணாடிச் சில்லு ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுத்ததுமே தண்ணீர் வடிந்துவிட்டது. இதற்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கனமான ரப்பர் கையுறை, டார்ச், டம்ளர், ஸ்பாஞ்ச், ஒரு ஸ்பூன், ஒரு இடுக்கி இருந்தால் போதும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் "ம்ம்ம்" என்று உறுமல் மட்டும் வந்தால், மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஏதோ சிக்கியிருக்கும். சத்தமே இல்லையென்றால் மோட்டாரோ வயரிங்கோ பழுதாகியிருக்கலாம்.

படி 1: பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள்.

படி 2: கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டு, தேங்கிய தண்ணீரை டம்ளரால் முகந்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். அப்புறம் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகித் தூக்குங்கள். இதை மெதுவாகச் செய்யுங்கள். ஃபில்டர் மேல் கிடக்கும் பருக்கை, கறிவேப்பிலைக் காம்பு, கண்ணாடித் துண்டு எல்லாம் அதற்கு அடியில் இருக்கும் குழிக்குள் நழுவுவது இந்த நேரத்தில்தான்.

படி 3: குழிக்குள் டார்ச் அடித்தால், ஒரு பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். பல மாடல்களில் ஸ்பூன் காம்பால் நெம்பினாலே கழன்று வரும். சிலவற்றில் ஒரு ஸ்குரூ இருக்கும். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று மெஷினோடு வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலம் போட்டு இழுத்தால் அதன் கொக்கி உடைந்துவிடும்.

படி 4: மூடிக்குப் பின்னால் இருப்பதுதான் விசிறி. கையுறையைக் கழற்றாமல் ஒரு விரலால் சுற்றுங்கள். அது வழுக்கிக்கொண்டு சுற்றாது. கொஞ்சம் பிடித்து, சட்டென்று விட்டு, மறுபடி பிடித்துச் சுற்றும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும்; நல்ல பம்ப்புக்கு அதுதான் அடையாளம். அசையவே இல்லையென்றால் இடுக்கில் நூல், தலைமுடி, சில்லு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இடுக்கியால் எடுங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் விசிறி மோட்டாரை விட்டுக் கழன்றிருக்கலாம். அப்போது பம்ப்பை மாற்றத்தான் வேண்டும்.

படி 5: மூடியை "டக்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ஃபில்டரை வைத்து வலப்பக்கம் கடைசிவரை திருகுங்கள். லேசாகத் தூக்கிப் பாருங்கள், கையோடு வந்தால் அது பூட்டிக்கொள்ளவில்லை. சரி, இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிளக்கை மாட்டி, மெஷினை ரீசெட் செய்யுங்கள். தண்ணீர் வடிந்தால் வேலை முடிந்தது.

இன்னும் வடியவில்லையா? மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழிவுநீர் ஹோஸ் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, சிங்க் இணைப்பில் கொழுப்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மல்டிமீட்டர் தெரிந்தவரிடம் பம்ப்பின் இரண்டு முனைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் பம்ப் என்றால் பொதுவாக 100 முதல் 200 ஓம் வரை காட்டும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் உள்ளே காயில் (கம்பிச் சுருள்) அறுந்துவிட்டது. புது பம்ப் வாங்கப் போகும்போது, கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பம்ப்புகள்கூட ஒன்றுக்கொன்று பொருந்தாது.