பழைய இரும்புக் கட்டில்: வயதறிந்து கழற்றி, துரு நீக்கிப் பூட்டும் முறை

பழைய இரும்புக் கட்டில் ஒன்று கைக்கு வந்தால், துருவைப் பார்ப்பதற்கு முன் கம்பிகள் சந்திக்கும் இடங்களைப் பாருங்கள். அங்கே பூ, மொட்டு, உருண்டை என்று ஏதாவது புடைப்பு இருந்தால் அது வார்ப்புப் பொருத்து. 19ஆம் நூற்றாண்டில் உலோகக் கட்டில் தொழிலுக்குப் பெயர்போன பர்மிங்ஹாமில் பரவலாக இருந்த முறை இது. கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சந்திப்புகளில் இரும்பு அச்சுகளைப் பூட்டி, உருக்கிய வார்ப்பிரும்பை ஊற்றுவார்கள். குளிர்ந்த அச்சில் பட்டதும் அது சட்டென இறுகிக் கம்பிகளைக் கவ்விக்கொள்ளும். புடைப்பு ஏதுமின்றிக் குழாயோடு குழாய் பற்றவைத்திருந்தால் அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் எஃகுக் கட்டில்.

பழுது பார்க்கும் முறையே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. எஃகுக் குழாயை எந்தப் பட்டறையிலும் பற்றவைக்கலாம். வார்ப்பிரும்பு சுத்தியல் அடி தாங்காது. சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்டினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். நிக்கல் கம்பியால் ஒட்டவோ பித்தளையை உருக்கிப் பற்றவைக்கவோ தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

சிங்கப்பூரில் பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. இப்போது இணையத்திலும், வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர்களிடமும்தான் தேட வேண்டியிருக்கிறது. படத்தை மட்டும் நம்பாமல் அகலத்தைக் கேளுங்கள். பழைய இரட்டைக் கட்டில் பெரும்பாலும் நாலரை அடி, அதாவது 137 செ.மீ. இங்கே விற்கும் குயின் மெத்தை 152 செ.மீ.; 15 செ.மீ. வெளியே தொங்கும். நீளம் குறைந்தால் பக்கச் சட்டங்களை மாற்றிக்கொள்ளலாம். அகலத்தைத் தலைமாடும் கால்மாடும் தீர்மானிப்பதால் அதை மாற்ற வழியில்லை. மெத்தையைத்தான் அளவு கொடுத்துச் செய்ய வேண்டும். மூன்றடிக் கட்டிலுக்குக் கவலையில்லை, 91 செ.மீ. சிங்கிள் மெத்தை பொருந்தும். பித்தளைக் குமிழ் என்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு.

பக்கச் சட்டத்தின் நுனியில் ஆப்பு வடிவக் கொண்டி இருக்கும். அது காலில் உள்ள காடியில் மேலிருந்து இறங்கும். படுப்பவர் எடை ஏற ஏற இறுகும். கழற்ற, சட்டத்தின் அடியிலிருந்து ரப்பர் சுத்தியலால் மேல்நோக்கித் தட்டுங்கள். அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். நான்கு மூலைகளுக்கும் எண் எழுதி ஒட்டுவது மிக அவசியம்: ஒரு மூலையின் கொண்டி இன்னொன்றில் சரியாக உட்காராது.

எளிதில் கழற்றிப் பூட்டும் இந்த வசதிக்காகவே இப்படிச் செய்தார்கள். மரக்கட்டில் விரிசல்களில் மூட்டைப்பூச்சி குடியிருந்ததால் மருத்துவமனைகளும் படைமுகாம்களும் கழுவித் துடைக்கக்கூடிய இரும்புக்கு மாறின. நோயாளிக்கு மெத்தையின் அடிவரை காற்றுப் புகும் இரும்புக் கட்டில்தான் வேண்டும் என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்தினார். ஆகவே ஆடுகிறது என்பதற்காகச் சட்டத்தைக் காலோடு சேர்த்துப் பற்றவைக்காதீர்கள். காடிக்குள் மெல்லிய பித்தளைத் தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகினால் போதும்.

பெயின்டைச் சுரண்டுவதில்தான் ஆபத்து அதிகம். 1970களுக்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஹீட் கன்னும் வேண்டாம். தண்ணீர் தெளித்து, என்95 முகக்கவசம் அணிந்து, கீழே பிளாஸ்டிக் விரித்துச் சுரண்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரம் இதற்கு ஏற்ற இடமல்ல.

துருவைக் கம்பி பிரஷ்ஷாலும், பிறகு 80ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தும் எடுக்கலாம். போல்ட்டுகளை லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசுங்கள். பித்தளையை அதே வாளியில் போட்டால் சிவந்துபோகும். குழாயின் அடிப்பகுதியைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே அரித்திருக்கிறது. தரை துடைக்கும் தண்ணீர் ரப்பர் மூடிக்குள் தேங்குவதே பெரும்பாலும் காரணம்.

அலசியதும் உடனே துடைத்து உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். சிங்கப்பூர்க் காற்றில் வெற்று இரும்பு ஓரிரவில் மீண்டும் செம்பழுப்பாகிவிடும். மழையில்லாத நாளில் இங்கே காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 சதவீதத்தைத் தாண்டும், பிற்பகலில் 60 சதவீத அளவுக்கு இறங்கும். பூச்சுக்கு உரிய நேரம் அந்தப் பிற்பகல்தான். ஈரக்காற்றில் அடித்த எனாமல் பால் படர்ந்ததுபோல் மங்கும். சிங்கிள் கட்டிலுக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அரை லிட்டர், எனாமல் அரை லிட்டர் போதும். எனாமலை மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள். இரண்டுக்கும் இடையே ஓர் இரவு உலரட்டும்.

கொண்டியிலும் காடியிலும் மட்டும் பெயின்ட் படக்கூடாது. பட்டால் ஆப்பு முழுதாக இறங்காமல் மேலே நிற்கும்; ஒருநாள் இரவு ஆள் படுத்திருக்கும்போது திடீரென இறங்கும். அங்கே தேன்மெழுகு தடவுங்கள். துருவும் பிடிக்காது, கிரீச்சென்ற சத்தமும் வராது. மெத்தைக்கு அடியில் முழுப் பிளைவுட் பலகை போடாமல், 5 செ.மீ. இடைவெளி விட்டு மரப்பட்டைகளை அடுக்குங்கள். முழுப் பலகை போட்டால் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும்.