100 பேர் சாம்பாரை 4 பேருக்கு எழுதுவது எப்படி?

ஹோட்டல் சமையல்கட்டிலிருந்து சமையல் குறிப்பு எழுத வரும் மாஸ்டர்கள் முதலில் தடுமாறுவது அளவில்தான். எல்லாவற்றையும் 25-ஆல் வகுத்தால் வீட்டுச் சாம்பார் வந்துவிடாது. பருப்பும் காயும் கணக்குப்படி வரும், தண்ணீர் வராது. சின்னப் பாத்திரத்தில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம் என்பதால் வேகமாக வற்றும்; கூடவே புளிப்பும் உப்பும் ஏறிவிடும். புளியையும் உப்பையும் கணக்கில் வரும் அளவில் முக்கால் பங்கோடு தொடங்கி, கடைசியில் ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

தாளிக்கும் எண்ணெய்க்கு இந்த வகுத்தல் கணக்கே வேண்டாம். கடுகு முங்கவில்லை என்றால் பாதி பொரியும், பாதி கருகும். 2 டீஸ்பூனுக்குக் குறையக் கூடாது.

கை பழகியவர்களுக்கு அளவு சொல்ல வராது. உப்பு ஜாடியைச் சமைக்கும் முன்பும் பின்பும் தராசில் வையுங்கள்; வித்தியாசம்தான் எழுத வேண்டிய அளவு. மிளகாய்த்தூள், பெருங்காயத்துக்கும் இதே வழிதான். ஒரு கிராம் வரை காட்டும் தராசு உப்புக்குப் போதும், பெருங்காயத்துக்கு 0.1 கிராம் காட்டுவது வேண்டும்.

நிமிடக் கணக்கை மட்டும் எழுதாதீர்கள். ஹோட்டல் பர்னரின் தீ வீட்டு அடுப்பில் கிடையாது. ‘புளியின் பச்சை வாசனை போகும்வரை’ என்ற அடையாளத்தையும் சேருங்கள்.

அச்சுக்கு முன், சமையல் தொழில் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் கை எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.