நரம்பு வெட்டுப்பட்ட கையில வேர்வை பாக்கக்குள்ள விடுற பிழைகள்

வேளாண்மை வெட்டு நேரம் மட்டக்களப்பு, அம்பாறப் பக்கம் மணிக்கட்டுல கத்தி பட்டு வாற ஆக்கள் குறைவில்ல. நரம்பு வெட்டுப்பட்டா அதுக்குள்ள போற சிம்பதெட்டிக் நாரும் (வேர்வை மாதிரி நம்மட கட்டுப்பாடில்லாமத் தானா நடக்குற வேலைய நடத்துற நார்) சேந்து போயிடும், அதால அந்த நரம்பு போற தோல் வேர்க்காது, காஞ்சு வழுவழுண்டு இருக்கும். இதப் பாக்க லேசான வழி 1928ல மைனர் எண்டவர் எழுதின அயடின் டெஸ்ட். அயடின் பூசி, காயவிட்டு, மேல கோர்ன்ஃப்ளவர் தூவினா வேர்க்குற துளை ஒவ்வொண்டும் பேனா முனையால குத்தின மாதிரி கறுநீலப் புள்ளியா எழும்பும். சின்னவிரல் பக்கம் போற அல்னர் நரம்பு போனவருக்கு சின்னவிரல் வெள்ளையாவே நிக்கும், மோதிரவிரல் நடுவால பாதி கறுப்பு பாதி வெள்ளை.

முதல் பிழை நாங்களே விட்டது. சித்திரை வெயில்ல பஸ்ஸால இறங்கி நடந்து வந்தவர உடனே இருத்தித் தூவினம், நல்ல பக்கத்து வேர்வை வழிஞ்சு கை முழுக்க மை கொட்டின மாதிரி ஆகிட்டு. அதுக்காக ஏசிக் குளிருல வச்சாலும் பிழைதான், நல்ல கையும் வேர்க்காது. ஃபேனுக்குக் கீழ ஒள்ளுப்பம் ஆறவிட்டு, துடைச்சு, ரெண்டு கையையும் சேத்துப் பாருங்க.

அடுத்தது என்ன மருந்து குடிக்கிறார் எண்டு கேக்காதது. சிம்பதெட்டிக் நார் எல்லாம் செய்தி கடத்துறது நோரட்ரினலின் எண்ட ரசாயனத்தாலதான் எண்டு பாடமாக்கி வச்சிருக்கம், ஆனா வேர்வைச் சுரப்பிக்குப் போற நார் அசற்றைல்கோலின் எண்ட வேற ரசாயனத்தாலதான் வேல செய்யுது. நரம்பு நோவுக்குக் குடுக்குற அமிட்ரிப்டிலின் அதத் தடுக்கும், அப்ப நல்ல கையும் காயும்.

பெரிய குழப்பம் மோட்டார் சைக்கிள்ல விழுந்து தோள் நரம்பு பிய்ஞ்சு வாறவங்களுக்குத்தான். கையில உணர்ச்சியே இல்ல, ஆனா வேர்க்குது, உடனே 'நடிக்கிறான்'னு எழுதிடுறது! கைக்குப் போற சிம்பதெட்டிக் நார் நெஞ்சுப் பக்கத்து முள்ளந்தண்டுல இருந்து கிளம்பி, கழுத்து நரம்பு வேருகள் முள்ளந்தண்ட விட்டு வெளிய வந்த பிறகுதான் அதுகளோட சேருது. அதால அந்த நார் சேர முந்தி, முள்ளந்தண்டு அடியிலயே வேர் பிய்ஞ்சா உணர்ச்சி போகும், வேர்வை நிக்காது. அது நடிப்பில்ல, வேரே பிய்ஞ்சிட்டு எண்டதுக்கு அடையாளம்.

சூட்ட வச்சு முடிவெடுக்கிறதும் வேணாம், வெட்டுப்பட்ட புதுசுல தோல் சுடும், மாசக் கணக்குல போகக்குள்ள குளிர்ந்திடும். காயமே இல்லாம சின்னவிரல் காஞ்சிருந்தா தொழுநோயையும் நினைங்க, மட்டக்களப்பு மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரி ஊர்க்காரருக்கு இது புதுசில்ல.

பிறகு, வேர்வை திரும்பினா உணர்ச்சியும் திரும்பிட்டெண்டு எழுதுறது. கண்ண மூடச் சொல்லி அஞ்சு ரூபாக் குத்தியையும் சட்டப் பொத்தானையும் குடுத்துப் பாருங்க, எது எது எண்டு சொல்லத் தெரியாத கையும் நல்லா வேர்க்கும்.