குட்டிப் பசங்களோட நீர்ப்பறவை பாக்கப் போறீங்களா? லிஸ்ட்ட வீட்லயே வெச்சிட்டுப் போங்க

நாலஞ்சு வயசுப் பிள்ளைங்கள சிட்டிக்குள்ள இருக்குற சதுப்புநிலத்துக்குக் கூட்டிட்டுப் போறப்ப நாம பண்ற மொத தப்பு, இன்னைக்கு இருபது பறவையாவது பாத்துடணும்னு கெளம்புறது. நானும் அப்படித்தான் போனேன், பையன் அரைமணி நேரம் எறும்பு வரிசையவே பாத்துட்டு உக்காந்திருந்தான், எனக்குத்தான் கடுப்பு. ரெண்டு பறவைய ஒழுங்கா பாத்தாலே போதும்ங்க.

விடிஞ்சதும் போயிடுங்க, அப்பத்தான் பறவைங்க சுறுசுறுப்பா மேயும். சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இருக்குற கரையா பாத்து நில்லுங்க, எதிர்வெயில்ல பாத்தா எல்லாமே கறுப்பாத்தான் தெரியும், அப்புறம் "எல்லாமே காக்காவா?"ன்னு கேள்வி வரும்.

பைனாகுலர் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். பெரியவங்க யூஸ் பண்ற 8x42 (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. அகலம்) குழந்தைக்கு கனம், கை ஆடுறதுல படமும் ஆடும். அதவிட முக்கியம், அவங்க ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இடைவெளி கம்மி. நடுவுல மடக்கி ரெண்டு குழாயையும் கிட்ட கொண்டுவாங்க, அப்பவும் "ரெண்டு வட்டம் தெரியுது"ன்னு சொன்னா அது அவங்களுக்கு செட் ஆகாது, விட்டுடுங்க. 6x, அதாவது ஆறு மடங்கு போதும், லேசானதா இருக்கட்டும். கையில குடுக்குறதுக்கு முன்னாடியே சூரியனப் பாக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க.

"அங்க பாரு அங்க பாரு"ன்னா ஒண்ணும் புரியாது. நீங்களும் குந்தி அவங்க கண்ணு மட்டத்துக்கு வாங்க, பாதி நேரம் அவங்களுக்குத் தெரியுறது வெறும் கோரைப்புல்லுதான்! தெரியுதுன்னா "அந்த சாஞ்ச கம்பு இருக்குல்ல, அதுக்கு இந்தப் பக்கம்"னு சொல்லுங்க.

எதப் பாக்கலாம்னா, என் ஓட்டு முக்குளிப்பானுக்குத்தான். சட்டுனு தண்ணிக்குள்ள போயிடும், எங்க மேல வரும்னு பந்தயம் கட்டி ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லுங்க. நீர்க்காகம் றெக்கைய விரிச்சு நின்னா ஏன்னு கேப்பாங்க, அதோட இறகு நல்லா நனையும், முங்கி மீன் பிடிக்க அது வசதி, ஆனா வெளிய வந்து காய வெக்கணும், நம்ம துணி மாதிரி. பறக்குறப்ப கழுத்த மடிச்சு வெச்சிருந்தா கொக்கு வகை, நீட்டி வெச்சிருந்தா செங்கால் நாரை மாதிரியான வகை, இத அஞ்சு வயசுலயே சூப்பரா பிடிச்சுக்குறாங்க.

மேஞ்சிட்டு இருந்ததெல்லாம் திடீர்னு தலையத் தூக்கி நம்மளப் பாத்தா கிட்ட போயிட்டோம்னு அர்த்தம், அப்படியே சிலையா நிக்குற வெளையாட்டு ஆடிடுங்க. பிரெட்டு போடாதீங்க, பாதைய விட்டு எறங்காதீங்க, தண்ணி ஓரத்துல பிள்ளையோட கைய விட்டுடாதீங்க. மொத சிணுங்கலுக்கே கெளம்பிடுறது நல்லது.

பேரு தெரியலன்னா அங்கயே போன நோண்ட வேணாம். எவ்ளோ பெருசு, என்ன கலர், என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு பிள்ளைகிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, வீட்டுக்கு வந்து பறவை பேரு கண்டுபிடிக்க உதவுற மெர்லின் ஆப்ப தொறந்தா அதுவும் கிட்டத்தட்ட இதத்தான் கேக்கும். எங்க வீட்ல "ரோஸ் ஸ்ட்ரா கால்"னு ஒருத்தன் சொல்லி, நெடுங்கால் உள்ளான் ஒரே நிமிஷத்துல கெடச்சிடுச்சு.